ஒன்லைன் உதைபந்தாட்ட கேம்: கொழும்பிலிருந்து புதிதாக இறங்குகிறவர்களுக்கு

வீட்டில் தம்பியையும் மாமா மகனையும் வரிசையாக வெல்கிற ஆள் முதல் தடவை ஒன்லைனுக்குப் போய் 5க்கு 0 என்று வாங்கிக்கொண்டு வந்து "லைன் சரியில்லை மச்சான்" என்று சொல்வது கொழும்பில் சர்வசாதாரணம். சில நேரம் இன்டர்நெட் லைன்தான் காரணம். பல நேரம் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது, ஆகவே இந்த வழிகாட்டி வாங்குவதில் தொடங்கி, லைனுக்குப் போய், அதற்குப் பிறகுதான் ஆட்டத்துக்கு வரும். கொன்ட்ரோலர் ஏற்கெனவே கையில் இருக்கிறவர்கள் தடுப்பாட்டப் பகுதிக்கு நேரே போகலாம், ஆனால் லைன் பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

எந்த கேம், எந்தப் பெட்டி

கடைக்காரர் இன்னும் "பீஃபா" என்றுதான் சொல்வார். அந்தப் பெயரில் வந்த கடைசிப் பதிப்பு பீஃபா 23. அதற்குப் பிறகு 2023 செப்டெம்பரில் வந்தது ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24, அப்புறம் 25, 26 என்று போகிறது. பெயர்தான் வேறு, கேம் அதே வம்சம். மறுபக்கம் கொனாமியின் ஈஃபுட்போல் இருக்கிறது. பிளேஸ்டேஷன் 2 (பிஎஸ்2) காலத்தில் வின்னிங் இலெவன் என்று கண்விழித்து விளையாடினார்களே, அதன் வாரிசு. 2021 முதல் அது இலவசம், போனிலும் ஓடும்.

பணம் போடுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்காதவர்கள் ஈஃபுட்போலில் தொடங்குங்கள். இலவச கேம் என்பதால் பிளேஸ்டேஷனில் ஒன்லைன் விளையாடக் கட்டுகிற பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் அதற்குத் தேவையில்லை. எஃப்சிக்கு அது கட்டாயம் வேண்டும், ஆனால் ஆகக் குறைந்த எசென்ஷியல் சந்தா காணும், மேலே இருக்கிறவை ஒன்லைன் ஆட்டத்துக்கு எதையும் கூட்டித் தராது. கணினியில் விளையாடுகிறவர்களுக்கு இந்தச் சந்தாச் செலவே இல்லை. நான் கீழே சொல்கிற பட்டன்கள் எஃப்சியை பிளேஸ்டேஷனில் விளையாடுகிறவர்களுக்கு. எக்ஸ்பொக்ஸ் ஆட்கள் இடத்தை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். தடுப்பாட்டம் பற்றிச் சொல்வதில் பட்டன்களை விட்டுவிட்டால் மிச்சம் எல்லாம் ஈஃபுட்போலுக்கும் பொருந்தும்.

வாங்குவதற்கு முன் கூட்டாளிகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: உன்னிடம் இருப்பது பிஎஸ்4 ஆ, 5 ஆ? எஃப்சியில் பிஎஸ்4 காரர் எக்ஸ்பொக்ஸ் வன் காரரோடு விளையாடலாம், பிஎஸ்5 காரர் எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் ஆட்களோடும் கணினி ஆட்களோடும் விளையாடலாம், ஆனால் பிஎஸ்4 பதிப்பும் பிஎஸ்5 பதிப்பும் ஒன்றோடொன்று சேராது. கொட்டாஞ்சேனையில் நாலு பேர் பிஎஸ்4 வைத்திருக்க நீங்கள் மட்டும் கடன்பட்டு 5 வாங்கி, பிறகு யாரோடும் விளையாட முடியாமல் நிற்பது தேவையில்லாத வேலை. பிஎஸ்5 இல் பிஎஸ்4 பதிப்பை இறக்கி விளையாடலாம் என்பது உண்மைதான். அதற்குப் பிஎஸ்4 காணுமே.

போன வருடப் பதிப்பு யூனிட்டி பிளாசாவிலும் பழைய டிஸ்க் மாற்றுகிற கடைகளிலும் மலிவாகக் கிடைக்கும். பெட்டியோடு, அதாவது கணினி எதிராளியோடு, விளையாட அது போதும். ஒன்லைனுக்கு என்றால் ஒவ்வொரு செப்டெம்பர் கடைசியிலும் புதுப் பதிப்பு வந்தவுடன் கூட்டம் அங்கே நகர்ந்துவிடும், பழையதில் ஆள் தேடி நேரம் போகும். இன்னொரு வழி, பிளஸ் சந்தாவில் மாதாமாதம் கொடுக்கிற கேம்களைக் கவனித்துக்கொண்டிருப்பது. 2024 மே மாதத்தில் எஃப்சி 24ஐ அப்படித்தான் கொடுத்தார்கள். ஈஏ பிளே சந்தாவில் புதுப் பதிப்பை 10 மணித்தியாலம் பரீட்சித்துப் பார்க்கவும் முடியும்.

கணக்குத் திறக்கும்போது ஒரு சிக்கல் வரும். பிளேஸ்டேஷன் கணக்குக்கான நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே இங்கே எல்லோரும் வேறு ஏதாவது ஒரு நாட்டின் பெயரில்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்த நாடு என்பதை முதலே யோசித்து எடுங்கள், பிறகு மாற்ற முடியாது. சந்தாவுக்கு வாங்கும் கிப்ட் கார்ட் அதே நாட்டுடையதாக இருக்க வேண்டும், டிஸ்க் வேறு பிராந்தியத்துடையது என்றால் கேம் ஓடும், ஆனால் கேமுக்குள் வாங்குகிற கூடுதல் சாமான்கள் சேராது. நீங்கள் தொடர்ந்து பாவிக்கிற மின்னஞ்சலைக் கொடுங்கள், இரண்டு கட்டச் சரிபார்ப்பை அன்றே போட்டுவிடுங்கள். கடைக்காரர் "நானே கணக்கு ஒன்று செய்து தாறன் தம்பி" என்றால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நீங்களே செய்யுங்கள். கடவுச்சொல் அவரிடம் இருந்தால் கணக்கும் அவருடையதுதான்.

லைன்: வேகம் வேறு, பிங் வேறு

இங்கேதான் அநேகமானவர்கள் காசைத் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள். 100 எம்பிபிஎஸ் லைன் எடுத்தும் ஆட்டம் இழுக்கிறது என்று முறைப்பாடு. எம்பிபிஎஸ் என்பது காலி வீதி எத்தனை வாகனம் போகிற அளவுக்கு அகலம் என்பது. பிங் என்பது வெள்ளவத்தையில் ஏறின ஆள் கோட்டைக்குப் போய்த் திரும்பி வர எவ்வளவு நேரம் என்பது. ஒன்லைன் மட்ச் ஒன்றுக்குப் போய் வருகிற தரவு மிகச் சிறிது, அகலம் தேவையே இல்லை. போய் வருகிற நேரம்தான் எல்லாம்.

கணக்கைப் பாருங்கள். ஒளி, ஃபைபர் கேபிளுக்குள் செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர், போய் வர 5,400. ஆக, உலகத்திலேயே சிறந்த லைன் எடுத்தாலும் 27 மில்லிசெக்கனுக்குக் கீழே இறங்க முடியாது. உண்மையில் கடலடிக் கேபிள் வளைந்து போகிறது, இடையில் பல கருவிகளைத் தாண்டுகிறது, ஆகவே அதைவிடக் கூடத்தான் வரும். லண்டன் சுமார் 8,700 கிலோமீற்றர். அங்கே இருக்கிற மச்சானோடு விளையாடினால் 87 மில்லிசெக்கன் என்பது இயற்கையே போட்ட அடிமட்டம், அதை எந்தக் கம்பனியாலும் குறைக்க முடியாது. கொழும்பில் கரையேறுகிற சீ-மீ-வீ 4, மாத்தறையில் கரையேறுகிற சீ-மீ-வீ 5 ஆகிய இரண்டு கேபிள்களும் ஒரு பக்கம் சிங்கப்பூருக்கும் மறுபக்கம் ஐரோப்பாவுக்கும் போகின்றன. இவற்றில் எங்காவது பழுது என்று செய்தியில் வந்தால் அந்த நாட்களில் ரவுட்டரைத் திருப்பித் திருப்பி நிறுத்திப் போடுவதில் பயனில்லை.

கேம் செக்கனுக்கு 60 படம் காட்டுகிறது, அதாவது ஒரு படத்துக்கு 16.7 மில்லிசெக்கன். பிங் 50 என்றால் மூன்று படம் பிந்துகிறது, பழகிவிடும். 100ஐத் தாண்டினால் பாஸ் பட்டனை அமத்தி, வீரன் உதைப்பதற்குள் "அமத்தினேனா?" என்று கையே சந்தேகப்படும். அதைவிட மோசமானது பிங் நிலையாக இல்லாமல் 40, 140, 60 என்று துள்ளுவது. நிலையான 80க்குக் கை பழகும், துள்ளுகிற 50க்கு ஒருநாளும் பழகாது.

வீட்டுக்குள் நீங்கள் செய்யக்கூடியது என்ன? முதலாவது, வயர். ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு ஒரு லான் கேபிள். ஹோலில் ரவுட்டர், அறையில் பிளேஸ்டேஷன், அம்மா சுவரில் ஓட்டை போட விடமாட்டா என்பதெல்லாம் தெரியும், சுவர் ஓரமாக நிலத்தோடு கிளிப் அடித்துக் கொண்டுபோகலாம், ஒரு பின்னேர வேலை. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி தொடர்மாடிகளில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: போனில் வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், மேல்வீடு கீழ்வீடு பக்கத்துவீடு என்று இருபது பெயர் நிற்கும், 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சனல் 1, 6, 11 என்று மூன்றே மூன்றுதான், அந்த மூன்றையும் இருபது வீடு பங்குபோடுகிறது. வயர் முடியவே முடியாது என்றால் 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றி ரவுட்டரை அதே அறைக்குள் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, வீட்டில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது. அக்கா கலியாண வீடியோவைக் கூகிள் டிரைவில் ஏற்றிக்கொண்டிருந்தால் மேலே போகிற பாதை நிரம்பி உங்கள் பிங் எகிறும். சண்டை பிடிக்காமல் நேரம் கேட்டு வையுங்கள். சில ரவுட்டர்களில் ஒரு கருவிக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி உண்டு, அது இருந்தால் போட்டுவிடுங்கள்.

மூன்றாவது, மின்சாரம். 2022 மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்தக் காலத்தில் ரவுட்டருக்கு வாங்கின சின்ன யூபிஎஸ் இன்னும் அலுமாரிக்குள் கிடந்தால் வெளியே எடுங்கள். லைட் ஒருதரம் மின்னினாலே ரவுட்டர் செத்துத் திரும்ப எழும்ப இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும், அதற்குள் மட்ச் தோல்வியாகப் பதிவாகிவிடும். கன்சோலுக்கும் ரீவிக்கும் அது தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

தரவு அளவு பற்றி ஒரு வரி: மட்ச் சாப்பிடாது, இறக்கம்தான் சாப்பிடும். கணினிப் பதிப்புக்கு 100 ஜிபி இடம் கேட்கிறார்கள், அதற்குமேல் வருடம் முழுக்கத் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். உங்கள் பெக்கேஜில் இரவுக்கு வேறு டேட்டா இருந்தால் இறக்கத்தை அந்த நேரத்துக்குத் தள்ளிவிட்டுப் படுங்கள்.

எப்போது விளையாடுவது? சிங்கப்பூர், மலேசியா நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். இங்கே இரவு 11 என்றால் அங்கே ஒன்றரை, அந்தப் பக்கத்து ஆட்கள் படுத்துவிடுவார்கள், கேம் தூரத்து எதிராளியைக் கொண்டுவந்து சேர்க்கும். பின்னேரம் 6 மணியிலிருந்து 9 வரை நல்ல நேரம். ஆனால் அதே நேரத்தில்தான் வீட்டில் ரீவியில் நாடகம் போகும். அதற்கு என்னிடம் தீர்வு இல்லை.

மெனுவில் மாற்ற வேண்டியவை

ரீவியில் கேம் மோட் என்று ஒன்று இருக்கும், அதைப் போடுங்கள். படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியலாம், ஆனால் பட்டனுக்கும் திரைக்கும் நடுவில் ரீவி தின்கிற தாமதம் நன்றாகக் குறையும். லைன் சரியில்லை என்று திட்டுகிறவர்களில் கொஞ்சப்பேருக்கு உண்மையில் ரீவிதான் பிரச்சினை: பெட்டியோடு விளையாடும்போதும் அதே இழுவை இருந்தால் குற்றவாளி இன்டர்நெட் இல்லை.

கேமராவை கோ-ஒப் அல்லது டெலி புரோட்காஸ்டுக்கு மாற்றி உயரத்தைக் கூட்டுங்கள், மைதானம் கூடத் தெரிய வேண்டும். வீரர்கள் எங்கே என்று காட்டுகிற சின்ன வரைபடமான ராடரை அணைக்காதீர்கள். வீரனுக்குக் கீழே பட்டன் காட்டுகிற பயிற்சி உதவியை அணையுங்கள். தானாக வீரன் மாறுகிற ஓட்டோ சுவிட்சிங்கை உயரப் பந்துக்கும் யாரிடமும் இல்லாத பந்துக்கும் மட்டும் என்று வையுங்கள், மற்ற நேரம் எந்த வீரன் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். தானாகப் பந்தை வெளியே அடிக்கிறது, தானாக ஸ்டைல் காட்டுகிறது போன்ற உதவிகள் எல்லாம் வேண்டாம். தடுப்பாட்டம் டக்டிகல் முறையில் இருக்கட்டும், பழைய லெகசி முறையை மறந்துவிடுங்கள், போட்டி முறைகளில் அது செல்லாது. எஃப்சி 26 இல் ஒதென்டிக், கொம்பெடிட்டிவ் என்று இரண்டு ஆட்ட முறை வைத்திருக்கிறார்கள். ஒன்லைனுக்குப் பழகுகிறவர் பெட்டியோடு விளையாடும்போதும் கொம்பெடிட்டிவ்வையே எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் கை ஒரு வேகத்துக்குப் பழகி ஆட்டம் வேறு வேகத்தில் வரும்.

தடுப்பாட்டம், அதாவது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது

புதியவர் தோற்பதற்குக் காரணம் கோல் அடிக்கத் தெரியாதது இல்லை. பந்து எதிராளியிடம் போன அடுத்த செக்கனே வேகமாக ஓடுகிற பட்டனான ஆர்2ஐ அமத்திப் பிடித்துக்கொண்டு, நடுப் பின்கள வீரனை எடுத்து, பந்தை நோக்கி ஓடுவதுதான். கணினி எதிராளி அதற்குத் தண்டனை கொடுக்காது. மனிதன் கொடுப்பான். நீங்கள் ஓடி வருகிறீர்கள் என்று கண்டதும் ஒரு பாஸ், நீங்கள் விட்டுவந்த ஓட்டைக்குள் முக்கோணப் பட்டனால் இன்னொரு பாஸ், பந்துக்காப்பாளர் தனியே.

ஒரு காட்சியை மெதுவாகப் பார்ப்போம். எதிராளியின் வலது விங்கர் கோட்டோரமாகப் பந்தோடு வருகிறான். உங்கள் இடது பின்கள வீரன் அவனுக்கு முன்னால் மூன்று மீற்றரில் நிற்கிறான். இப்போது எல்2ஐ அமத்துங்கள்: வீரன் உடம்பைத் திருப்பி, எதிராளியைப் பார்த்தபடி பின்னோக்கி நகர்வான். இடது ஸ்டிக்கால் பந்துக்கும் கோலுக்கும் நடுவில் இருக்கிறமாதிரி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பந்தைப் பறிக்கிற வட்டப் பட்டனில் விரல் போகக்கூடாது. அவன் வேகம் கூட்டினால் எல்2ஓடு ஆர்2ஐயும் சேர்த்து அமத்துங்கள், அதே நிலையில் வேகமாக நகர்வான், ஆனால் திரும்புவது கடினம், ஆகவே ஒரு செக்கனுக்குமேல் பிடிக்கவேண்டாம். விங்கர் நிற்பான். உள்ளே வெட்டப் பார்ப்பான். பந்து அவன் காலிலிருந்து ஒரு அடி விலகுகிற அந்த நேரம்தான் வட்டம், ஒரே ஒரு தட்டு. விலகவில்லையா, இன்னும் பொறுங்கள். அவன் சலித்துப்போய்ப் பின்னுக்குப் பாஸ் கொடுத்தால் நீங்கள் வென்றுவிட்டீர்கள், பந்து கிடைக்காவிட்டாலும்.

இந்த நேரம் உங்கள் நடுப் பின்கள வீரர் இருவரும் எங்கே? அசையாமல் இடத்தில். அவர்களை நீங்கள் தொடவே கூடாது. பெனால்ட்டிப் பெட்டிக்குள் ஆபத்து என்றால் வலது ஸ்டிக்கைத் தட்டி நீங்கள் வேண்டுகிற வீரனுக்கு மாறலாம், எல்1ஐ அமத்தினால் கேம் தனக்குப் பிடித்தவனைத் தரும், அது சிலவேளை பந்துக்குப் பின்னால் நிற்கிறவனாக இருக்கும். வலது ஸ்டிக் மாற்றம் முதல் கொஞ்ச நாள் வெறுப்பேற்றும். விடாதீர்கள், இதைவிடப் பெரிய முன்னேற்றம் வேறெதிலும் வராது.

பந்தைத் துரத்த ஆள் தேவை என்றால் நடுக்கள வீரனை எடுங்கள். தடுப்பு நடுக்கள வீரன் ஒருவனைக் கையில் வைத்துக்கொண்டு பின்கள வரிசைக்கு முன்னால் இங்கும் அங்கும் நடந்து, எதிராளி பாஸ் கொடுக்க நினைக்கிற கோட்டில் போய் நின்றால் போதும், பந்து தானாக வந்து காலில் மோதும். ஆர்1ஐ அமத்திப் பிடித்து இன்னொரு வீரனைத் துரத்த அனுப்பும் வசதியை எல்லோரும் அளவுக்குமீறிப் பாவிப்பார்கள்; அவன் களைத்துப்போவான், இடமும் காலியாகும். சதுரப் பட்டன் சறுக்கல் தடுப்பு. பெனால்ட்டிப் பெட்டிக்குள் அதை மறந்துவிடுங்கள். முக்கோணத்தை அமத்திப் பிடித்தால் பந்துக்காப்பாளர் வெளியே ஓடி வருவார், பயத்தில் அமத்துகிறவர்கள் தலைக்கு மேலால் சிப் வாங்குவார்கள்.

பயிற்சிக்கு ஒன்று செய்து பாருங்கள்: பெட்டியோடு வேர்ல்ட் கிளாஸ் மட்டத்தில் ஒரு மட்ச், வட்டமும் சதுரமும் அமத்தவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு. எல்2, இடம், வலது ஸ்டிக், இவ்வளவுதான். எத்தனை பந்து தானாகக் கிடைக்கிறது என்று பார்த்தால் நம்பமாட்டீர்கள்.

பந்து உங்களிடம் இருக்கும்போது

இது சுருக்கமாகத்தான். ஆர்2 இங்கேயும் எதிரி. ஓடுகிற வீரன் பந்தைத் தூரத் தள்ளித் தள்ளித்தான் ஓடுவான், பாஸும் பிசகும். முன்னால் வெளி இருந்தால் மட்டும் ஓடுங்கள். எக்ஸ் பட்டனால் சின்னப் பாஸ், கொடுத்தவுடன் எல்1ஐத் தட்டினால் பக்கத்து வீரன் முன்னோக்கி ஓடத் தொடங்குவான், அப்புறம் முக்கோணத்தால் அவனுக்கு முன்னால் பந்து. தொடக்கத்தில் உங்கள் கோல்களில் பெரும்பாலானவை இந்த மூன்று பட்டனில் வரும். நடுவில் அடைத்து வைத்திருந்தால் பின்னுக்குக் கொடுத்து மறுபக்கம் மாற்றுங்கள், பின்னுக்குப் பாஸ் கொடுப்பது வெட்கமில்லை.

பந்து உங்களிடம் இருந்தால் வட்டம்தான் ஷூட்; அதை அமத்திப் பிடிக்கிற நேரம்தான் பலம். பெனால்ட்டிப் பெட்டிக்குள் சின்னத் தட்டுக் காணும், பலம் காட்டுகிற அளவில் இரண்டு பட்டை. பெட்டியின் மூலையிலிருந்து தூரக் கம்பத்தை நோக்கி ஆர்1ஓடு வட்டம், வளைந்து போகும். வீரனின் நல்ல கால் எது என்று பார்த்து அடியுங்கள். எல்1, ஆர்1, வட்டம் மூன்றும் சேர்ந்தால் பலமான அடி, ஆனால் வீரன் காலைத் தூக்கவே நேரம் எடுப்பான், பக்கத்தில் ஆள் நின்றால் வீண்.

ஸ்கில் மூவ் வீடியோ பார்த்து இருபது வித்தை படிக்காதீர்கள். ஒன்று போதும்: வட்டத்தை அமத்திய உடனே எக்ஸ், அதாவது அடிக்கிறமாதிரிக் காட்டி அடிக்காமல் விடுவது. எதிராளி வட்டத்தைத் தட்டுகிற ஆளாக இருந்தால் அவனுடைய பின்கள வீரன் புல்லில் கிடப்பான்.

எந்த முறையில் தொடங்குவது

நேரே அல்டிமேட் ரீமுக்குப் போகாதீர்கள் (அது என்ன என்று கீழே வரும்), மெனு உங்களை அங்கேதான் தள்ளும். முதலில் கிக் ஓஃப், பெட்டியோடு, புரொஃபெஷனல் மட்டத்தில் வசதியாக வெல்லும்வரை, பிறகு வேர்ல்ட் கிளாஸ். அப்புறம் ஒன்லைன் ஃபிரெண்ட்லீஸ்: தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு, போனில் கதைத்தபடி, உங்களைவிடக் கொஞ்சம் நன்றாக விளையாடுகிறவரிடம் தோற்றுப் பழகுங்கள். ஒவ்வொரு கோலுக்கும் "எந்த இடத்தைத் திறந்துவிட்டேன்?" என்று அவரிடமே கேளுங்கள். எந்த வீடியோவையும்விட அவருக்கு அது தெரியும்.

அடுத்தது சீசன்ஸ். பத்தாவது டிவிஷனில் தொடங்கி மேலே ஏற வேண்டும், உண்மையான ரீம்கள், காசு வேலை எதுவும் இல்லை. எதிராளி பத்துக்கு ஏழு தரம் ரியல் மட்ரிட் எடுத்துக்கொண்டு வருவான். கவலைப்படாமல் நீங்களும் ஒரு வேகமான ரீமை எடுத்து அதையே வைத்திருங்கள், மட்சுக்கு மட்ச் மாற்றினால் யார் எந்தப் பக்கம் ஓடுவான் என்பது கைக்குப் பதியாது. பாதி ஒன்றுக்கு 6 நிமிடம், இடைவேளை எல்லாம் சேர்த்து ஒரு மட்சுக்குக் கால் மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்குங்கள். "சாப்பிட வா" என்று கூப்பிட்ட பிறகு தேடலைத் தொடங்காதீர்கள், நடுவில் விட்டுப் போனால் தோல்விதான். ஒன்லைன் மட்சை நினைத்தபடி நிறுத்திவைக்க முடியாது என்பதை அம்மாவுக்கு விளங்கப்படுத்துவது இந்த வழிகாட்டிக்கு அப்பாற்பட்ட விஷயம்.

அல்டிமேட் ரீம் பொல்லாததும் இல்லை, சும்மாவும் இல்லை. அட்டைகளாக வீரர்களைச் சேர்த்து ரீம் கட்டுவது; ஒரு வீரனுக்கு 3 என்று முழு ரீமுக்கு 33 வரை கெமிஸ்ட்ரி என்கிற பொருத்தப் புள்ளி, ஒரே நாடு, ஒரே லீக், ஒரே கழகம் என்று பொருத்தினால் ஏறும். எஃப்சி 24 முதல் பெண் வீராங்கனைகளும் அதே ரீமில் ஆடலாம். பிரச்சினை பெக்தான். என்ன வரும் என்று தெரியாமல் காசு கொடுத்து உறையைத் திறப்பது, அதில் பெரிய பெயர்கள் வருகிற வாய்ப்பு எவ்வளவு சிறிது என்பதை அந்தத் திரையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், வாங்க முன் அதைத் திறந்து படியுங்கள். பெல்ஜியத்தில் இதைச் சூதாட்டம் என்று அரசு பிடித்ததால் 2019 ஜனவரியில் அங்கே பெக் வாங்குகிற பொயின்ட்ஸ் விற்பதையே நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் விட, செப்டெம்பரில் புதுப் பதிப்பு வந்ததும் நீங்கள் கட்டின ரீம் கூடவே வராது. டொலரில் கழிகிற காசு, அப்பாவின் கார்ட், ஒரு வருடம்கூட நிலைக்காத அட்டைகள்: வேண்டாம். ஸ்குவாட் பட்டில்ஸ் என்று கணினியோடு ஆடுகிற பகுதி உள்ளே இருக்கிறது, அதை ஆடிச் சேர்கிற கொயினில் சந்தையில் வேண்டிய வீரனை நேரே வாங்குங்கள். வெளியே ஆட்களிடம் காசு கொடுத்துக் கொயின் வாங்குவது விதிக்கு எதிரானது, பிடித்தால் கணக்கையே முடக்குவார்கள். பேஸ்புக்கில் "ரெடி ஸ்குவாட் அக்கவுன்ட்" என்று விற்கிறதும் அதே குட்டைதான், விற்றவரே பிறகு கடவுச்சொல்லை மீட்டு எடுத்துக்கொண்டு போவார்.

நாலைந்து கூட்டாளிகள் இருந்தால் என் ஓட்டு ரஷ்ஷுக்கும் கிளப்ஸுக்கும்: இரண்டிலும் ஆளுக்கு ஒரு வீரனாக எல்லோரும் ஒரே ரீமில் ஆடலாம். ரஷ் எஃப்சி 25 இல் வந்தது: பக்கத்துக்கு நாலு பேர், பந்துக்காப்பாளர் கணினி, சின்ன மைதானம். ஓஃப்சைட் கடைசி மூன்றில் ஒரு பகுதியில் மட்டும். மோசமாக விழுத்தினால் நீல அட்டை, ஒரு நிமிடம் வெளியே. ஃபுட்சால் மைதானத்துக்கு ஆள் சேர்க்கிற அதே கூட்டத்துக்கு இது அளவெடுத்துத் தைத்தமாதிரி. ஆளுக்கு ஒரு வீரன்தான் என்பதால், பந்து இல்லாமல் எங்கே நிற்பது என்பதை வேறு எந்த முறையும் இவ்வளவு கெதியாகப் படிப்பிக்காது.

கிளப்ஸ் தொடங்குகிறீர்கள் என்றால் முதல் நாளே இடத்தைப் பேசி முடியுங்கள். விட்டால் எல்லோரும் ஸ்ட்ரைக்கர்தான். இரண்டு பேர் நடுக்களம், ஒருவர் தடுப்பு நடுக்களம், மிச்சம் முன்னால். பின்கள வரிசையைக் கணினியிடம் விடுங்கள், அது ஆசைப்பட்டு முன்னால் ஓடாது. கதைக்க ஹெட்செட் வேண்டும், மலிவான இயர்போனே கொன்ட்ரோலரில் குத்தினால் வேலை செய்யும். மைக்கை ஃபேனுக்கு நேரே வைக்காதீர்கள், மற்ற நாலு பேருக்கும் மட்ச் முழுக்கப் புயல் கேட்கும். "கொடு", "ஆள் வாறான்", "பின்னால" என்று மூன்று சொல் போதும். கோல் வாங்கின பிறகு யார் பிழை என்பதை மட்ச் முடிந்து ரீப்ளேயில் பாருங்கள், கதைத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த கிக் ஓஃப் நடந்துவிடும். தடுப்பு நடுக்களத்துக்கு ஒருவரும் வரமாட்டோம் என்றால் வாரத்துக்கு ஒருவர் என்று முறை போடுங்கள், பட்டியலை வட்ஸ்அப் குழுவில் பின் பண்ணி வையுங்கள்.